நீர் மாத்திரை: எத்தனை மணிக்கு, எவ்வளவு உப்போடு?

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து தரும் பதில்கள்

வீடுகளில் 'நீர் மாத்திரை', 'யூரின் மாத்திரை' என்று சொல்லப்படும் மருந்துகளைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். இந்த மாத்திரைகள் தண்ணீரை நேராகப் பிடித்து வெளியே தள்ளுவதில்லை. வடிகட்டிய உப்பைச் சிறுநீரகம் திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும். அந்த வேலையைத்தான் இவை தடுக்கின்றன. உப்பு வெளியேறும்போது தண்ணீரும் கூடவே போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பதில்கள் எளிதாகப் பிடிபடும்.

என் மாமனாருக்கு 68 வயது. இதயம் பலவீனம் என்று லாசிக்ஸ் 40 மில்லிகிராம் காலை ஒன்று, மதியம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மற்ற மாத்திரைகள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால், மறக்காமல் இருக்க மதிய மாத்திரையையும் ராத்திரியே கொடுக்கிறோம். இரவில் ஐந்து முறை எழுந்து போகிறார். நேற்று பாத்ரூம் வாசலில் தடுமாறிவிட்டார். என்ன செய்வது?
— வாசகி, தஞ்சாவூர்

அந்த இரண்டாவது மாத்திரையை இன்றே மதியத்துக்கு மாற்றிவிடுங்கள். லாசிக்ஸில் இருக்கும் ஃப்ரூசமைட் சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். காலை 7 மணிக்கு ஒன்று, பிற்பகல் 2 மணிக்கு ஒன்று என்று கொடுத்தால் படுக்கப் போகும் நேரத்துக்குள் வேகம் அடங்கிவிடும். 4 மணியைத் தாண்டிவிட்டால் தூக்கம் கெடும். வயதானவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து, இருட்டில் அவசரமாக எழுந்து விழுவது. இடுப்பு எலும்பு முறிந்தால் இதயக் கோளாறோடு அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும்.

மதிய வேளைக்கு மொபைலில் அலாரம் வையுங்கள். எழும்போது நேராக நிற்க விடாதீர்கள். கட்டிலில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழட்டும். வீட்டில் பி.பி. கருவி இருந்தால் படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதை எழுதிவைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாத்திரையின் அளவு கூடியிருக்கலாம். உடலில் நீர் வற்றியிருக்கலாம்.

இன்னொன்று: ஃப்ரூசமைடு வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படும், சாப்பாட்டோடு போனால் குறையும். காலை இட்லிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் கொடுங்கள். ஒரு நாள் வெறும் வயிற்றில், மறுநாள் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒரு நாள் நீர் நிறையப் போகும், ஒரு நாள் போகாது. வீக்கம் முற்றியவர்களுக்குக் குடலின் சுவரும் நீர் கோத்து ஊறியிருக்கும். அப்போது மாத்திரை உள்ளே சேர்வதே தாமதமாகும். 'மாத்திரை கேட்கவில்லை' என்று வீட்டிலேயே இன்னொன்று சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அப்போது தேவைப்படுவது ஊசி மருந்தாக இருக்கலாம். அதை மருத்துவமனைதான் முடிவு செய்ய வேண்டும்.

டைட்டார் போன்ற டார்ஸமைட் மாத்திரைகளுக்கு இந்தச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை, ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்படும். 40 மில்லிகிராம் ஃப்ரூசமைட் மாத்திரைக்கு 20 மில்லிகிராம் டார்ஸமைட் ஈடு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரும்போது எண் பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்து 'டாக்டர் டோஸைக் குறைத்துவிட்டார்' என்று இரண்டாகப் போட்டுவிடாதீர்கள்.

தினமும் எடை பார்க்கச் சொல்கிறார் டாக்டர். எங்கள் வீட்டு நோயாளிக்கு இதய நோய்தானே, உடல் பருமன் இல்லையே? எடைக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?
— வாசகர், மதுரை

நேரடிச் சம்பந்தம் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஒரே இரவில் யாருக்கும் ஒரு கிலோ கொழுப்பு ஏறாது. நேற்று 62, இன்று 63 என்றால் அது பெரும்பாலும் நீர்தான். கணுக்கால் வீங்குவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சில லிட்டர் நீர் உடலில் தங்கிவிடலாம். மூச்சு வாங்குவது அதற்கும் பிறகு. எடைத் தராசு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே சொல்லிவிடும்.

எடை பார்க்கும் முறை ஒன்றே போல இருக்க வேண்டும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்பு, ஒரே மாதிரியான மெல்லிய உடையில். தராசை மெத்தை விரிப்பிலோ பாயிலோ வைக்கக் கூடாது. மொசைக், சிமெண்ட், டைல்ஸ் எதுவானாலும் சமமான தரை. ஒரே தராசு, ஒரே இடம். சமையலறைக் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதிவிடுங்கள். தனி நோட்டுப் போட்டால் நாலு நாளில் அது காணாமல் போய்விடும்.

வீக்கம் வடிந்து, மூச்சு சீராக இருக்கும்போது மருத்துவர் ஓர் எடையைக் குறித்துத் தருவார். அதை 'உலர் எடை' என்பார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மாத்திரைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், அல்லது ஒரே நாளில் ஒன்றரை கிலோ ஏறினால் அன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கமும் அதே அளவு முக்கியம். உலர் எடைக்குக் கீழே 2 கிலோ இறங்கி, வாய் வறண்டு, தலை சுற்றி, சிறுநீர் கரும்மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனால் மாத்திரை வேண்டியதற்கு மேல் இழுத்துவிட்டது என்று பொருள். இந்த நிலையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் ஏறத் தொடங்கும்.

எடையோடு கால்களையும் பாருங்கள். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலைப் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து, மெதுவாக நிரம்பினால் நீர் இருக்கிறது. நாள் முழுக்கப் படுத்தே இருப்பவர்களுக்குக் கால் வற்றித் தெரியும்; நீர் இடுப்புக்குப் பின்னால் முதுகடியில் இறங்கியிருக்கும். அங்கேயும் அழுத்திப் பார்க்க வேண்டும்.

நீரை வெளியேற்ற மாத்திரையும் கொடுத்து, தண்ணீரையும் குறைக்கச் சொன்னால் நாக்கு வறண்டு போகாதா? உப்பு மிகவும் குறைவாகத்தான் போடுகிறோம். அப்படியும் வீக்கம் வடியவில்லை.
— வாசகி, புதுச்சேரி

முதலில் உப்பைப் பார்ப்போம். மாத்திரை ஆறு எட்டு மணி நேரம் வேலை செய்கிறது என்றோமே, மீதி நேரம் சிறுநீரகம் சும்மா இருப்பதில்லை. இழந்த உப்பைத் திரும்பச் சேர்க்க முனைந்து, வரும் உப்பையெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. காலையில் மாத்திரை போட்டு இரண்டு லிட்டர் போன பிறகு, ராத்திரி உப்புமாவோடு ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டால் வெளியே போனது மறுநாள் காலைக்குள் உள்ளே வந்துவிடும். மாத்திரை அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். தராசு முள் மட்டும் அசையாது.

'குறைவாகத்தான் போடுகிறோம்' என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் அது 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். உங்கள் வீட்டில் ஒரு கிலோ 50 நாள் வந்தால் அந்த அளவுக்கு அருகில் வந்திருக்கிறீர்கள். இதில் கடையில் வாங்கும் ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், வடகம், மிக்சர், பிஸ்கட், பேக்கரி ரொட்டி சேராது. வயிற்று உப்புசத்துக்குக் கரைத்துக் குடிக்கும் பொங்கும் பொடியும் சோடியம்தான். இதய நோயாளிகள் வீட்டில் அந்தப் பாக்கெட் இருக்கவே வேண்டாம். இந்துப்பும் உப்புதான். நிறம் வேறு, உள்ளே இருப்பது அதே சோடியம் குளோரைடு.

தண்ணீர்க் கட்டுப்பாடு எல்லோருக்கும் கிடையாது. பி.பி.க்காக மட்டும் நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாகத்துக்குத் தகுந்தபடி குடிக்கலாம். இதயம் மிகவும் தளர்ந்தவர்களுக்கும், ரத்தத்தில் சோடியம் குறைந்தவர்களுக்கும் ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் என்று மருத்துவர் எல்லை வைப்பார். வைத்தால் அந்த அளவுத் தண்ணீரைக் காலையிலேயே பாட்டில்களில் ஊற்றி வைத்துவிடுங்கள். காபி, ரசம், மோர், கஞ்சி எது குடித்தாலும் அதே அளவுத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றுங்கள். மீதி இருப்பதே அன்றைய தண்ணீர். உங்கள் வீட்டு டம்ளரில் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று ஒரு முறை அளந்துவிடுங்கள். 100 பிடிக்கும் டம்ளரும் 250 பிடிக்கும் டம்ளரும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. நாக்கு வறட்சிக்கு வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஓர் எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைக்கலாம். உப்பு குறைந்தால் தாகமும் தானாகக் குறையும்.

கணவருக்கு லாசிக்ஸ் தீர்ந்துபோய்க் கடையில் கேட்டபோது லாசிலாக்டோன் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பழைய ஸ்ட்ரிப்பும் கிடைத்ததால் இப்போது இரண்டும் சாப்பிடுகிறார். பொட்டாசியம் குறையும் என்று தினமும் இளநீர் கொடுக்கிறேன். வீட்டில் சோடியம் குறைந்த உப்புதான். பி.பி.க்கு டெல்மிசார்டனும் உண்டு. எல்லாம் சரிதானே?
— வாசகி, கோயம்புத்தூர்

சரியில்லை அம்மா. இந்தப் பதிலைப் படித்த அன்றே ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பாருங்கள். இளநீரையும் அந்த உப்பையும் இப்போதே நிறுத்துங்கள். இரண்டு ஸ்ட்ரிப்பையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

பெயர் ஒன்றுபோலத் தொடங்கினாலும் இவை வேறு மருந்துகள். லாசிக்ஸில் ஃப்ரூசமைட் மட்டும்தான். அது பொட்டாசியத்தை வெளியே விடும். லாசிலாக்டோன் 50 மாத்திரையில் 20 மில்லிகிராம் ஃப்ரூசமைடோடு 50 மில்லிகிராம் ஸ்பைரனோலாக்டோன் சேர்ந்திருக்கிறது. அது பொட்டாசியத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். டைட்டாருக்கும் 'பிளஸ்' சேர்ந்த டைட்டாருக்கும் உள்ள வித்தியாசமும் இதேதான். அதனால் ஸ்ட்ரிப்பின் முன்பக்கப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். கடையில் மாற்றுக் கொடுத்தால் 'உள்ளே இருப்பது அதே மருந்தா, அதே மில்லிகிராமா?' என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

உங்கள் கணவருக்குப் பொட்டாசியம் ஏற நான்கு வழிகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. ஸ்பைரனோலாக்டோன் ஒன்று. டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும். எனாலாபிரில், ராமிபிரில் சாப்பிடுபவர்களுக்கும் அப்படியே. மூன்றாவது, சோடியம் குறைந்த உப்பு. அதில் குறைத்த சோடியத்துக்குப் பதிலாகப் போடுவது பொட்டாசியம் குளோரைடு. ஆரோக்கியமானவர்களுக்கு நல்லது, இவருக்கு ஆபத்து. நான்காவது இளநீர்: ஒரு காயில் 500 மில்லிகிராம் அளவில், சிலவற்றில் அதற்கும் மேல் பொட்டாசியம் இருக்கும்.

பொட்டாசியம் 3.5 முதல் 5.0 வரை இருக்க வேண்டும். 5.5-ஐத் தாண்டினால் ஸ்பைரனோலாக்டோனைப் பாதியாகக் குறைப்பார்கள். 6-ஐத் தாண்டினால் நிறுத்தி, இ.சி.ஜி. எடுத்து, மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள். பயப்பட வேண்டிய காரணம், பொட்டாசியம் ஏறுவது பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாது. கை கால் தளர்ச்சி, நாடி மெதுவாவது ஆகியவை தெரிவதற்குள் இதயத் துடிப்பே தடுமாறலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், இதயத் தளர்ச்சிக்கு ஸ்பைரனோலாக்டோன் பலன் தருகிறது என்ற ஆய்வு 1999-இல் வெளியானதும் அதை எழுதிக்கொடுப்பது வேகமாகக் கூடியது. கூடவே பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் அதிகமானார்கள். மருந்து நல்ல மருந்துதான். அதோடு போக வேண்டிய ரத்தப் பரிசோதனை போகவில்லை. தொடங்கிய ஒரு வாரத்தில் ஒன்று, நான்காவது வாரத்தில் ஒன்று, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி முதலிலிருந்து.

சிறுநீர்த் தொற்றுக்கு கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுவதை அங்கேயே சொல்லுங்கள். அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். வயதானவர்களுக்கு இந்தச் சேர்க்கை உயிருக்கே ஆபத்தாகலாம். ஆண்களுக்கு ஸ்பைரனோலாக்டோனால் மார்பு வலித்துப் பெரிதாவதும் உண்டு. கூச்சப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் எப்ளரினோன் என்ற மாற்று இருக்கிறது.

எதிர்ப்பக்கம்: லாசிக்ஸ் மட்டும் சாப்பிட்டுப் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு கெண்டைக்கால் பிடிப்பு, உடல் சோர்வு, மலச்சிக்கல், படபடப்பு வரும். டிஜாக்ஸின் என்ற இதய மருந்து சாப்பிடுபவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. பொட்டாசியம் குறைந்தால் அதே அளவு டிஜாக்ஸின் நஞ்சாகும். குமட்டலும் பார்வையில் மஞ்சள் தட்டுவதும் அதன் அடையாளங்கள். அவர்களுக்கு மருத்துவர் பொட்டாசியம் சிரப் தந்தால் அப்படியே குடிக்காமல் ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகக் குடிக்க வேண்டும். நேராகக் குடித்தால் வயிறு புண்ணாகும்.

அம்மாவுக்கு 72 வயது, ஒல்லியான உடம்பு. பி.பி. மாத்திரையை 'எச்' என்று முடியும் மாத்திரையாக மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. நான்கு நாளாக ஒரே தூக்கம், சொன்னதையே சொல்கிறார், நேற்று பேரன் பெயர் வரவில்லை. வயதாகிவிட்டது என்கிறார்கள்.
— வாசகர், நாகர்கோவில்

வயது நான்கு நாளில் ஆவதில்லை. இந்தக் கேள்விக்கு இதழில் பதில் வரும்வரை யாரும் காத்திருக்கக் கூடாது. இதேபோல் உங்கள் வீட்டில் யாருக்காவது நடந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் ரத்தத்தில் சோடியம் பாருங்கள். வலிப்பு வந்தாலோ எழுப்பினால் எழவில்லை என்றாலோ 108.

'எச்' என்பது ஹைட்ரோகுளோரோதையசைட். டெல்மா-எச் போன்ற மாத்திரைகளில் பி.பி. மருந்தோடு 12.5 மில்லிகிராம் சேர்ந்திருக்கும். 'பி.பி. மாத்திரைதானே' என்று நினைப்பவர்களுக்கு உள்ளே நீர் மாத்திரை இருப்பதே தெரியாது. 'சி.டி.' என்று முடிந்தால் பெரும்பாலும் குளோர்தாலிடோன். இண்டாபமைடும் இதே குடும்பம்தான். இவை ரத்தத்தில் சோடியத்தை 135-க்குக் கீழே இறக்கிவிடலாம். அதிகம் பாதிக்கப்படுபவர்கள் ஒல்லியான, வயதான பெண்கள். பெரும்பாலும் தொடங்கிய முதல் சில வாரங்களில். உடம்புக்கு நல்லது என்று தினமும் மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் இறங்கும். தலைவலி, குமட்டல், நடை தள்ளாட்டம், குழப்பம் என்று போய் வலிப்பில் முடியும்.

வீட்டில் உப்பைக் கரைத்துக் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். சோடியத்தை அளந்து, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் மூளைக்குக் கேடு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த மாத்திரை தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பி.பி. மாத்திரை வருபவர்களும், மாத்திரை மாறியிருந்தால் இந்தப் பரிசோதனைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு முறை போய்வர வேண்டும்.

நீர் மாத்திரை சாப்பிடுகிறேன். மூட்டு வலிக்கு டைக்குளோஃபெனாக் போட்டால் இரண்டு நாளில் கால் வீங்குகிறது. ஏன்?
— வாசகர், சேலம்

டைக்குளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் எல்லாமே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, உப்பைத் தங்க வைக்கும். நீர் மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, இவை மறுபக்கம் இழுக்கும். இதோடு ராமிபிரில், டெல்மிசார்டன் வகையும் சேர்ந்தால் மூன்றும் ஒன்றாகி, சில நாளிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். கடையில் 'வலி மாத்திரை' என்று கேட்டு வாங்கும் நீங்கள், நீர் மாத்திரை சாப்பிடுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 3 கிராமுக்குள், போதுமான அளவு வலியைத் தணிக்கும். வலிக்கும் மூட்டில் மட்டும் சில நாள் ஜெல் தடவினால் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும்.

காலின் பெருவிரல் மூட்டு திடீரென்று சிவந்து, போர்வை பட்டால்கூட வலிக்கிறது என்றால் அது வேறு. நீர் மாத்திரைகள் யூரிக் அமிலத்தை ஏற்றும்; கவுட் வந்திருக்கலாம். அதற்கும் சொந்தமாக வலி மாத்திரை வேண்டாம்.

பி.பி.க்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம் சாப்பிட ஆரம்பித்ததும் கணுக்கால் வீங்கியது. கடைக்காரர் நீர் மாத்திரை கொடுத்தார். வடியவில்லை.
— வாசகி, திருச்சி

வடியாது. அம்லோடிபின் சிறு ரத்தக் குழாய்களை விரிப்பதால் நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. உடலில் உப்பும் நீரும் கூடியதால் வந்த வீக்கம் இல்லை இது. நீர் மாத்திரையால் கால் அப்படியே இருக்கும், ரத்தத்தில் உள்ள நீர் வற்றித் தலை சுற்றும். அம்லோடிபினை 5-க்குக் குறைப்பது, டெல்மிசார்டன் போன்றதைச் சேர்ப்பது, வேறு மருந்துக்கு மாற்றுவது என்று மருத்துவரிடம் வழிகள் உண்டு. ஒரு மாத்திரையால் வந்த தொந்தரவுக்கு இன்னொரு மாத்திரை போடுவதற்கு முன், முதல் மாத்திரையைக் கேள்வி கேளுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் நீர் மாத்திரையைத் தொடரலாமா?
— வாசகர், விழுப்புரம்

வாந்தியோ பேதியோ நிற்காமல் போகும்போது உடல் ஏற்கெனவே உப்பையும் நீரையும் இழந்துகொண்டிருக்கிறது. அன்று நீர் மாத்திரை சிறுநீரகத்துக்குக் கேடு. ராமிபிரில், டெல்மிசார்டன் வகை, சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவையும் அந்த நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டியவையே. நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்து ஒன்று அல்லது இரண்டு நாள் ஆனதும் மறுபடி தொடங்கலாம். இதயத் தளர்ச்சி உள்ளவர்கள் தாங்களாக முடிவு செய்யாமல் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும், அவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். எவ்வளவு குடிப்பது என்பதும் அளவோடு சொல்லப்பட வேண்டியது. உடம்பு நன்றாக இருக்கும்போதே, 'பேதி வந்தால் எந்தெந்த மாத்திரையை நிறுத்துவது, எத்தனை நாள்?' என்று கேட்டுச் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள்.

அக்னி நட்சத்திர வெயிலில் வேர்த்துக் கொட்டும் வேலை செய்பவர்களும், கந்த சஷ்டி விரதம், ரமலான் நோன்பு இருப்பவர்களும் இதையே முன்கூட்டிக் கேட்க வேண்டும். நேரத்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். சிலருக்கு விரதமே கூடாது என்றும் சொல்வார்கள்.

திருச்செந்தூர் போக ஆறு மணி நேர பஸ். மாத்திரையை அன்று விட்டுவிடலாமா?
— வாசகி, திண்டுக்கல்

விட வேண்டாம், தள்ளிப் போடுங்கள். அதிகாலையில் கிளம்பி மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து, கழிப்பறை உள்ள இடத்தில் இறங்கியதும் சாப்பிடலாம். பிற்பகல் 4 மணிக்குள் முடிந்தால் போதும். இரண்டு வேளை சாப்பிடுபவர்கள் எந்த வேளையை எப்படி நகர்த்துவது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஸ்ட்ரிப்பைக் கைப்பையில் வையுங்கள். பஸ்ஸின் மேலே போகும் பெட்டியில் வேண்டாம்.

நெருஞ்சில் கஷாயம், சிறுபீளை, வாழைத்தண்டுச் சாறு இவற்றை நீர் மாத்திரையோடு சேர்க்கலாமா? இருமலுக்கு அதிமதுரம்?
— வாசகர், ஈரோடு

சமையலில் எப்போதாவது வாழைத்தண்டுக் கூட்டு வைப்பது வேறு. தினமும் காலையில் சாறாகக் குடிப்பது வேறு. அதில் பொட்டாசியம் கணிசமாக உண்டு, ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர்களுக்குக் கூடாது. நெருஞ்சிலும் சிறுபீளையும் நீர் பிரிய என்றே கொடுக்கப்படுபவை. மாத்திரையோடு அவையும் சேர்ந்தால் எது எவ்வளவு இழுக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சித்த மருத்துவரிடம் போனால் நீர் மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். இதய மருத்துவரிடம் கஷாயத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

அதிமதுரத்தைப் பற்றிக் கேட்டது நல்லது. அதில் உள்ள கிளிசிரைசின், உப்பைத் தங்க வைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றி, பி.பி.யை ஏற்றும். லாசிக்ஸ் அல்லது 'எச்' மாத்திரை ஏற்கெனவே பொட்டாசியத்தை இறக்கிக்கொண்டிருக்க, அதிமதுரம் அதை இன்னும் இறக்கும். தினமும் வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முன் முகம் மெலிய நீர் மாத்திரை சாப்பிடலாமா?
— வாசகி, சென்னை

கூடாது. ஒரு கிராம் கொழுப்புகூடக் கரையாது. போன நீர் இரண்டு நாளில் திரும்பும். பொட்டாசியம் இறங்கி மண மேடையிலேயே மயங்கி விழவும் வாய்ப்பு உண்டு. நீர் மாத்திரைகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலும் இருக்கின்றன. போட்டிகளில் கலந்துகொள்ளும் தம்பிகள் எடைப் பிரிவுக்காக இவற்றைத் தொட வேண்டாம்.

காலை மாத்திரையை மறந்துவிட்டால்? வாராந்தர டப்பாவில் போட்டு வைத்த லாசிக்ஸ் மாத்திரை மஞ்சளாகிவிட்டது, சாப்பிடலாமா?
— வாசகர், காரைக்குடி

பிற்பகல் 4 மணிக்குள் நினைவு வந்தால் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகு என்றால் விட்டுவிட்டு, மறுநாள் வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு. இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. மறுநாள் காலை எடையைக் கவனியுங்கள்.

மஞ்சளான மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள். ஃப்ரூசமைட் வெளிச்சம் பட்டால் சிதையும். கண்ணாடி போன்ற டப்பாவை ஜன்னலோரம் வைத்திருப்பீர்கள். ஸ்ட்ரிப்பை வெட்டும்போது ஒவ்வொரு மாத்திரையையும் அதன் உறையோடு சேர்த்து வெட்டி, உறையோடேயே டப்பாவில் போடுங்கள். டப்பாவை அடுப்படியிலும் பாத்ரூம் அலமாரியிலும் வைக்காமல், வெயில் படாத மேசை இழுப்பறையில் வையுங்கள். பாதி மாத்திரை சாப்பிடச் சொல்லியிருந்தால், நடுவில் கோடு போட்ட மாத்திரையை மட்டும் உடைத்து, மீதிப் பாதியை மறுநாளே தீர்த்துவிடுங்கள்.